கருத்து வேறு, நட்பு வேறு: மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்

புனே ரயில் நிலையத்துக்கு அருகில் ஸசூன் ஆஸ்பத்திரி இருக்கிறது. மத்திய அரசுப் பணியில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவன் நான். அந்தப் பழைய கல் கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஓர் இரவு ஞாபகத்துக்கு வரும். நான் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்திய இரவு அது.

1924 ஜனவரி 12. எரவாடா சிறையில் கைதியாக இருந்த காந்திஜிக்குக் குடல்வால் அழற்சி கண்டு, இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உடனே அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும். ஏதாவது விபரீதம் நேர்ந்தால் நாடு கொந்தளிக்கும் என்று அரசாங்கத்துக்குக் கவலை. அதனால் அவருடைய நண்பர்களை வரவழைத்தார்கள். அன்றிரவு கட்டிலருகே வந்து நின்றவர்களில் ஒருவர் காந்திஜியின் தொண்டர் அல்ல, காங்கிரஸ்காரரும் அல்ல. ஒத்துழையாமை இயக்கம் நாட்டுக்குக் கெடுதல் என்று மேடைதோறும் பேசிவந்தவர். அவர்தான் மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் 'சில்வர் டங்' சாஸ்திரி என்று அவரைச் சொல்லக் கேட்டிருப்போம். அவருடைய ஆங்கிலத்தைப் பற்றிய புகழ் இன்றும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த ஆங்கிலத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அவர் வாழ்க்கையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நம் உறுப்பினர்களுடன், குறிப்பாக இளைய தலைமுறையினருடன், அதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

வலங்கைமானிலிருந்து திருவல்லிக்கேணி வரை

சாஸ்திரியார் பிறந்தது 1869 செப்டம்பர் 22-ல், கும்பகோணத்துக்கு அடுத்த வலங்கைமானில். தகப்பனார் சங்கரநாராயண சாஸ்திரி வைதீகர். வீட்டில் வறுமை. ஆனால் சம்ஸ்கிருதமும் அனுஷ்டானமும் குறைவில்லாமல் இருந்தன. பிள்ளை கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்து 1888-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியர் வேலை. அதன்பின் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர்.

அந்தக் காலத்தில் ஏழை வைதீகர் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய பதவி. பள்ளிக்கூடமும் வீடும் என்று நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் அவருக்கு அது போதவில்லை. ஆசிரியர்களுக்கென்று சென்னையில் ஒரு சங்கம் உருவாகப் பாடுபட்டார். 1904-ல் திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சென்னையில் வளர்ந்த நம்மில் பலர், டி.யு.சி.எஸ். என்ற அந்தக் கடையில் பையோடு வரிசையில் நின்றிருப்போம்.

1905-ல் கோபால கிருஷ்ண கோகலே இந்தப் புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். பொதுவாழ்வைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளாமல் முழுநேரத் தவமாக ஏற்கும் ஆட்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம். சாஸ்திரியார் 1906-ல் கோகலேயைச் சந்தித்தார். 1907-ல், நிச்சயமான ஆசிரியத் தொழிலை விட்டு, சொற்பமான படித்தொகை மட்டுமே கிடைக்கும் அந்தச் சங்கத்தில் சேர்ந்தார்.

சேருகிறவர்கள் ஏழு பிரமாணங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். தேசமே முதல், பணம் சம்பாதிப்பதில் நாட்டமில்லை, எல்லா ஜாதி மதத்தாரும் சகோதரர் என்பவை அவற்றில் சில. அவற்றோடு இன்னொன்றும் உண்டு: யாரோடும் சொந்தச் சண்டை போடுவதில்லை என்பது. படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பிரமாணத்தைத்தான் சாஸ்திரியார் பிற்காலத்தில் மிகவும் பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பத்து நாள் மூத்தவர்

காந்திஜி பிறந்தது 1869 அக்டோபர் 2. ஆக, சாஸ்திரியார் அவரைவிடச் சரியாகப் பத்து நாள் மூத்தவர். இருவருக்கும் குரு ஸ்தானத்தில் இருந்தவர் கோகலே.

1915 ஜனவரியில் காந்திஜி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய போது, அவரைத் தம் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கோகலேக்கு ஆசை. சங்கத்தின் மற்ற உறுப்பினர்களுக்குத் தயக்கம். காந்திஜியின் கொள்கைகளும் செயல்முறையும் தங்கள் வழிக்கு ஒத்துவருமா என்று அவர்கள் யோசித்தார்கள். இந்த விஷயம் முடியுமுன்பே, பிப்ரவரி 19-ல் கோகலே காலமானார். அவருக்கு வயது 48 தான்.

சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது. காந்திஜி சேர விரும்பி விண்ணப்பித்தார். உறுப்பினர்களிடையே அபிப்பிராய பேதம் நீடித்தது. ஓட்டெடுப்பு நடத்தி ஒருவரைச் சேர்ப்பதோ தள்ளுவதோ இரு தரப்புக்கும் மனக்கசப்பைத் தரும் என்று உணர்ந்து, காந்திஜி தாமாகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சாதாரண மனிதர்களாக இருந்தால் இந்தக் கதை இங்கே எப்படி முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதவைத் தட்டியவரைத் திறந்து உள்ளே அழைக்காத வீட்டுக்காரரும், தட்டிவிட்டுத் திரும்பியவரும் ஆயுள் முழுக்க முகம் பார்க்காமல் இருந்திருப்பார்கள். இங்கேயோ அந்த வருஷந்தான் 31 ஆண்டு நட்பின் ஆரம்பம். காந்திஜி தம் கடிதங்களில் சாஸ்திரியாரைச் சகோதரர் என்றே விளித்துவந்தார்.

சட்டசபையில் ஒரு நாள்

சாஸ்திரியார் 1913-ல் சென்னை சட்டசபைக்கு நியமனம் பெற்றார். பெண்கள் பருவமடைந்த பிறகு நடக்கும் விவாகம் செல்லும் என்று சட்டம் செய்ய வேண்டுமென்று அங்கே மசோதா கொண்டுவந்தார். வைதீகர் வீட்டுப் பிள்ளையே இப்படிச் செய்யலாமா என்று நம்மவர்களிடமிருந்தே பலத்த எதிர்ப்பு. தமக்குச் சரி என்று பட்டதைச் சொந்த மனிதர்களிடம் சொல்வதுதான் கடினம். அந்தப் பழக்கம் அவருக்கு ஆரம்பத்திலேயே இருந்தது.

1916-ல் டில்லி மத்திய சட்டசபைக்குப் போனார். 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா வந்தது. விசாரணையின்றி மனிதர்களைப் பிடித்து அடைக்க அதிகாரம் தரும் மசோதா. அதை எதிர்த்து சாஸ்திரியார் பேசிய பேச்சு, அவர் வாழ்நாளின் சிறந்த பேச்சுகளில் ஒன்று. அன்று பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர்களில் காந்திஜியும் ஒருவர். சட்டசபை நடவடிக்கைகளை அவர் நேரில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் மெய்மறந்து கேட்பதைக் கண்டு, மனம் மாறிவிடுவார் போலிருக்கிறதே என்று காந்திஜிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் மசோதா சட்டமாயிற்று. கேட்க மனமில்லாத அரசாங்கத்திடம் பேசிப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்த காந்திஜி சத்யாகிரகத்தை ஆரம்பித்தார்.

சட்டத்தை அவ்வளவு தீவிரமாக எதிர்த்த சாஸ்திரியார், சத்யாகிரகத்திலும் சேரவில்லை. அது வேண்டாம் என்று மிதவாதிகள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார். சட்டத்தை மீறும் பழக்கத்தை ஜனங்களுக்கு ஒருமுறை கற்றுக்கொடுத்தால், நாளை சுயராஜ்யம் வந்த பிறகு அதை மறக்கடிப்பது கஷ்டம் என்பது அவர் வாதம். ஒத்துழையாமையின்போதும் இதையே சொன்னார். இதன் பலனாக மக்களிடம் செல்வாக்கு இழந்தார். அரசாங்கத்தின் ஆள் என்ற ஏச்சு அவரைத் தொடர்ந்தது.

1921-ல் லண்டன் ஏகாதிபத்திய மாநாடு, ஜெனீவாவில் சர்வதேச சங்கம், அதன்பின் வாஷிங்டன் கடற்படை மாநாடு என்று இந்தியாவின் பிரதிநிதியாகப் போனார். அந்த வருஷமே பிரிவி கவுன்சில் அங்கத்தினரானார். 'மகாகனம்' என்ற அடைமொழி அதனால் வந்தது. 1922-ல் அவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று அங்குள்ள இந்தியர்களின் உரிமைக்காகப் பேசிவந்தபோது, காந்திஜி ஆறு வருஷத் தண்டனை பெற்று எரவாடாவில் இருந்தார். ஒருவருக்கு ராஜ மரியாதை, இன்னொருவருக்குச் சிறை. பார்த்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் நீதியின் மேல் சாஸ்திரியாருக்கு இருந்த நம்பிக்கையும் பலமான அடி வாங்கியது. 1923-ல் கென்யா இந்தியர்களின் உரிமைக்காக லண்டன் போய் வாதாடினார். அங்கு வெளியான வெள்ளை அறிக்கை, உயர்நில மலைப் பகுதிகளை வெள்ளையருக்கே ஒதுக்கியது. பொது வாக்காளர் பட்டியல் என்ற கோரிக்கையையும் தள்ளியது. சாஸ்திரியார் மனம் உடைந்தார். தாம் நம்பியது பொய்த்ததை மறைக்காமல் ஊர் திரும்பிக் கடுமையாகப் பேசினார். உடம்பும் கெட்டது. அந்த நிலையில்தான் 1924 ஜனவரி வந்தது.

அந்த இரவு

இனி ஸசூன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இந்திய ஊழியர் சங்கம் இதே ஊரில் இருந்ததால் சாஸ்திரியார் இரவோடு இரவாக வந்து சேர முடிந்தது. சிகிச்சைக்குச் சம்மதித்து ஓர் அறிக்கையைக் காந்திஜி தரவேண்டும். அதை எழுதியவர் சாஸ்திரியார். டாக்டர்கள் தம்மை நல்லபடியாகக் கவனித்துக்கொண்டார்கள், சிகிச்சைக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன், என்ன நேர்ந்தாலும் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ச்சி கூடாது என்பதே சாராம்சம். எழுதியதைப் படித்துக் காட்டினார். காந்திஜி ஓரிரு சொற்களை மாற்றினார். பிறகு முழங்காலை மடக்கி அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் கையெழுத்திட்டார். கை நடுங்கியது. தம் பெயரின் கடைசி ஆங்கில எழுத்துக்கு மேலே வைக்கும் புள்ளியை அவர் வைக்கவில்லை என்பதைக்கூட சாஸ்திரியார் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்.

நாட்டுக்குச் சொல்ல ஏதாவது செய்தி உண்டா என்று சாஸ்திரியார் கேட்டார். தாம் கைதி, கைதிக்குரிய கண்ணியத்தைக் காக்க வேண்டும், அதனால் சொல்லச் செய்தி எதுவும் இல்லை என்பதுதான் காந்திஜியின் பதிலாக இருந்தது. பிறகு கர்னல் மாடக் அறுவைச் சிகிச்சை செய்தார். வெளியே இடி மழை. நடுவில் மின்சாரம் நின்றுபோக, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். பிப்ரவரி 5-ல் அரசாங்கம் நிபந்தனையின்றிக் காந்திஜியை விடுதலை செய்தது.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில், தம் பெயரால் ஊருக்குப் போகும் வாசகத்தைத் தம் கொள்கைக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுத, காந்திஜி அதில் நம்பிக்கையோடு கையெழுத்திட்டார். அதற்குக் காரணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தமக்குப் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்பவர், முதுகுக்குப் பின்னால் வேறொன்று எழுத மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

காந்திஜி விட்டுவந்த இடத்தில்

1927-ல் கேப்டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாக யாரை அனுப்புவது என்ற கேள்வி வந்தபோது, சாஸ்திரியாரே போக வேண்டும் என்று வற்புறுத்தியவர் காந்திஜி. 21 வருஷம் தாம் பாடுபட்ட இடத்தை, தம் வழியை ஒப்புக்கொள்ளாத நண்பரிடம் நம்பி ஒப்படைத்தார். நோயாளியான சாஸ்திரியாரும் தட்டவில்லை. 1927 ஜூன் முதல் 1929 ஜனவரி வரை அங்கே இருந்தார்.

நேடாலில் நம்மவர்களின் குழந்தைகளுக்கு உயர்நிலைப் படிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் சரியான இடம் இல்லை. அங்குள்ள இந்தியர்களிடமே நிதி திரட்டி டர்பனில் ஒரு கல்லூரி எழும்பச் செய்தார். 1929-ல் திறக்கப்பட்ட அதற்கு சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். கப்பலில் கூலிகளாகப் போனவர்களின் பேரக் குழந்தைகள் அதில் படித்து டாக்டர்களும் வக்கீல்களும் ஆனார்கள். அரசாங்கம் தர முன்வந்த 'சர்' பட்டத்தை சாஸ்திரியார் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

1931-ல் முதல் வட்டமேஜை மாநாட்டிலிருந்து திரும்பிய சாப்ரு, ஜெயகர், சாஸ்திரியார் மூவரும் காந்திஜிக்கும் வைஸ்ராய் இர்வினுக்கும் நடுவே நின்று சமரசம் பேசினார்கள். மார்ச் 5-ல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு தரப்பும் நம்பும் ஒருவர் இருந்தால்தான் நடுவில் நின்று பேச முடியும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே பேச்சைப் பேசுகிறவருக்குத்தான் அந்த நம்பிக்கை கிடைக்கும்.

பெயர் போடாத திருத்தம்

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இனிமேல்தான் வருகிறது. காந்திஜியின் சுயசரிதை குஜராத்தியில் எழுதப்பட்டது. மஹாதேவ் தேசாயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1927-லும் 1929-லும் இரண்டு பாகங்களாக வந்தது. 1940-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ஆங்கிலப் புலமையில் பெயர் பெற்ற ஒரு நண்பர் முழுவதையும் திருத்திக் கொடுத்தார் என்றும், தம் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையின்பேரிலேயே அவர் இதைச் செய்தார் என்றும் மஹாதேவ் தேசாய் முன்னுரையில் தெரிவித்தார். அந்த நண்பர் சாஸ்திரியார்தான் என்பது பிறகு தெரிந்தது.

அந்தப் புத்தகத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சங்கத்தில் சேர முடியாமல் போன 1915-ஆம் வருஷத்துக் கதை இருக்கிறது. சட்டசபையில் சாஸ்திரியார் பேசியும் பயனில்லாமல் போனதைக் கண்டு காந்திஜி வேறு வழி தேடிய கதை இருக்கிறது. சாஸ்திரியாருக்குச் சம்மதமில்லாத சத்யாகிரகத்தின் வரலாறு இருக்கிறது. அவற்றையெல்லாம் அவர் வரி வரியாகப் படித்து, சொல்லைச் சீர்செய்தார். கருத்தைத் தொடவில்லை, பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. இன்று உலகம் முழுவதும் படிக்கும் அந்த ஆங்கிலத்தில் ஒரு வலங்கைமான்காரரின் கை இருக்கிறது.

சாஸ்திரியாரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டிஷாரின் நல்லெண்ணத்தை அவர் அதிகமாகவே நம்பினார். மக்கள் சக்தி எவ்வளவு தூரம் போகும் என்பதில் காந்திஜியின் கணக்குத்தான் சரியாயிற்று. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பின், சென்னை அரசாங்கம் அமைத்த அறிவியல் கலைச்சொற்குழுவுக்குத் தலைமை வகித்தார். அந்தக் குழு சம்ஸ்கிருதச் சொற்களின் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கண்டித்தார்கள். இயற்பியல் படித்தவன் என்ற முறையில், அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். இன்று நம் பேரக் குழந்தைகள் படிக்கும் தமிழ்ச் சொற்கள் அந்த எதிர்ப்பினால் வளர்ந்தவை.

நான் எழுதாத குறிப்பு

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல அனுமதி கேட்கிறேன். 1980-களில் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒரு நண்பர் எனக்கு அடுத்த பிரிவில் இருந்தார். இரு குடும்பமும் ஒன்றாகவே பழகின. ஒரு கொள்முதல் கோப்பு அவரிடமிருந்து என் மேஜைக்கு வந்தது. அதில் டெண்டர் விதி ஒன்று விட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரிந்தது. நண்பர் அவசரப்படுகிறார், கேள்வி எழுப்பினால் வருத்தப்படுவார் என்று நினைத்து, ஒன்றும் எழுதாமல் ஒப்புதல் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஆடிட் ஆட்சேபணை வந்தது. விசாரணை அவர் மேல்தான். பணத்தில் ஒரு பைசா அவர் தொடவில்லை என்று கடைசியில் தெளிவாயிற்று. ஆனால் அதற்குள் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போய்விட்டது. ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். உனக்குத் தெரிந்திருந்ததா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குப் பிறகும் பழகினோம். இரு வீட்டுக் கல்யாணங்களுக்கும் போய்வந்தோம். ஆனால் பழைய மாதிரி இல்லை. அவர் இப்போது இல்லை.

கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், எதிர்பார்த்த கோட்டில் உட்காராத அளவீட்டையும் நோட்டில் எழுத வேண்டும் என்பது. அதை அங்கே ஒழுங்காகச் செய்தேன். ஒரு நண்பருக்காக எழுத வேண்டிய இரண்டு வரிக் குறிப்பை எழுதத் தவறினேன். அதை நட்பு என்று அப்போது நினைத்தேன். சாஸ்திரியாரின் கடிதங்களை ஓய்வுக்குப் பின் படித்தபோதுதான், நான் காப்பாற்றியது நண்பரை அல்ல, என் சௌகரியத்தை என்று புரிந்தது.

கடைசிச் சந்திப்பு

1944-ல் மயிலாப்பூர் சம்ஸ்கிருத அகாடமியின் ஆதரவில் சாஸ்திரியார் வால்மீகி ராமாயணம் பற்றி 30 சொற்பொழிவுகள் செய்தார். ராமனைக் கடவுள் அவதாரமாக வைக்காமல், தவறக்கூடிய, துயரப்படக்கூடிய மனிதனாக வைத்தே பேசினார். மயிலாப்பூரில் அதைச் சொல்லவும் துணிச்சல் வேண்டும். தேசப் பிரிவினைப் பேச்சை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. காந்திஜி ஜின்னாவோடு பேசப் போனபோதும் தம் மறுப்பை வெளிப்படையாகவே சொன்னார்.

1946 ஜனவரியில் ஹிந்தி பிரசார சபையின் வெள்ளிவிழாவுக்காகக் காந்திஜி சென்னை வந்தார். சாஸ்திரியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஓயாத கூட்டங்களுக்கு நடுவே காந்திஜி அவரைத் தேடிவந்து கட்டிலருகே உட்கார்ந்தார். 22 வருஷத்துக்கு முன் புனேயில் படுத்திருந்தவர் இப்போது பார்க்க வந்தவர். அன்று பார்க்க வந்தவர் இப்போது படுத்திருந்தவர். அரசியலில் ஒத்துப்போகாத அந்த இரண்டு கிழவர்களும் ராமாயணத்தைப் பற்றிப் பேசினார்கள். ஏப்ரல் 17-ல் சாஸ்திரியார் காலமானார். காந்திஜி தம் பத்திரிகையில் அவருக்கு அஞ்சலி எழுதினார்.

இன்று நம் குடும்பங்களில் நிலைமை என்ன? தேர்தல் வந்தால் அண்ணா தம்பி பேச்சு நின்றுபோகிறது. நம் சங்கத்தின் கிளைகளிலேயே, ஒரு தீர்மானத்தில் மாறுபட்டார் என்பதற்காக 20 வருஷப் பழக்கத்தை விட்டவர்களை நான் அறிவேன். மாறுபடுகிறவரோடு பழகாமலிருப்பது ஒரு தப்பு. பழக்கம் கெடுமே என்று மாறுபாட்டை விழுங்கிவிடுவது இன்னொரு தப்பு. இரண்டாவதைச் செய்தவன் என்ற தகுதியில்தான் இதைச் சொல்கிறேன்.

உறுப்பினர்கள் புனேக்கு வந்தால், டெக்கான் ஜிம்கானா பக்கம் இந்திய ஊழியர் சங்கத்தின் வளாகத்தைப் பார்க்கலாம். கோகலே பெயரால் 1930-ல் ஏற்பட்ட பொருளாதார நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. அப்படியே ஸசூன் ஆஸ்பத்திரிப் பக்கமும் ஒருமுறை போய்வாருங்கள். யாரிடமாவது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்தால், ஊர் திரும்பியதும் அவரைப் போய்ப் பாருங்கள். எனக்கு அந்தச் சந்தர்ப்பம் இல்லை.